கூத்து மேடைக்கு ஃபோன் போதுமா?

கேள்வி: ஐயா, நான் செய்யாறு பக்கத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. என் தாத்தா கூத்து வாத்தியாராக இருந்தவர். எங்கள் பகுதிக் கூத்துக் குழுக்களைச் சில ஆண்டுகளாக ஃபோனில் படம் எடுத்து வருகிறேன். அவற்றை 20-க்கு 30 அங்குல அளவில் அச்சிட்டுக் கண்காட்சியாக வைக்கவும், பிறகு ஒரு புத்தகமாகக் கொண்டுவரவும் ஆசை. சென்னையில் வேலை பார்க்கும் தம்பி, “உன் ஃபோன்ல 200 மெகாபிக்சல் இருக்கு, இதுக்கு மேல கேமரா எதுக்குக்கா?” என்கிறான். ஊர் ஸ்டுடியோக்காரர், “ஃபோன்ல எடுக்கிறதெல்லாம் படமே இல்லம்மா” என்கிறார். பகலில் எடுப்பவை நன்றாக வருகின்றன. இரவு ஆட்டத்தில் பாதிக்கு மேல் கலங்கிப்போகின்றன. கையில் 60 ஆயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். கேமரா வாங்கத்தான் வேண்டுமா? சில படங்களை இணைத்து, ஃபோனின் மாடலையும் எழுதியிருக்கிறேன்.

பதில்: அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

வாங்குங்கள், பாதி வேலைக்கு. மறுபாதியை உங்கள் ஃபோன் இப்போதே நன்றாகச் செய்துகொண்டிருக்கிறது. அதை அதனிடமே விட்டுவிடலாம்.

நீங்கள் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேஷம் கட்டும் இடத்தில் எடுத்தவை அருமை. கையளவுக் கண்ணாடியை முழங்காலில் சாய்த்து வைத்துக்கொண்டு ஒருவர் புருவத்துக்கு மை தீட்டும் படத்தை அப்படியே கண்காட்சிக்குக் கொண்டுபோகலாம். பக்கத்தில் நின்று பார்த்தால்கூடக் குறை தெரியாது. அதே ஆள் இரண்டு மணி நேரம் கழித்து மேடையில் சுழலும் படத்தில் முகம் கரைந்திருக்கிறது, கிரீடத்தின் விளிம்பு இரண்டாகத் தெரிகிறது, பின்னால் நிற்கும் பிற்பாட்டுக்காரர் மட்டும் பளிச்சென்று இருக்கிறார். எடுத்தது நீங்கள்தான், ஃபோனும் அதேதான். ஏன் இந்த வேறுபாடு என்பது புரிந்துவிட்டால் தம்பி சொல்வதில் எவ்வளவு சரி, ஸ்டுடியோக்காரர் சொல்வதில் எவ்வளவு சரி என்பதும் விளங்கிவிடும்.

உங்கள் ஃபோனின் முக்கியக் கேமராவில் ஒளி விழும் சென்சார் சுமார் 9 மில்லிமீட்டர் அகலம், 7 மில்லிமீட்டர் உயரம். சுண்டுவிரல் நகத்தில் அடங்கிவிடும். லென்ஸை மாற்றிப் போடக்கூடிய பெரிய கேமராவான டிஎஸ்எல்ஆரில் நடுத்தரமான ஒன்றின் சென்சார் 22.5 மில்லிமீட்டருக்கு 15 மில்லிமீட்டர். பரப்பைக் கணக்கிட்டால் ஐந்து மடங்குக்கு மேல் பெரியது. இரண்டிலும் லென்ஸின் திறப்பு எஃப் 1.8 என்றே இருந்தாலும், ஒரே நேர அளவில் பெரிய சென்சார் ஐந்து மடங்கு ஒளியை வாங்கிக்கொள்கிறது. 200 மெகாபிக்சல் என்பது அந்த நகமளவு இடத்தை 20 கோடிப் புள்ளிகளாகப் பிரித்திருப்பதைத்தான் சொல்கிறது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது. தனித்தனியே நின்றால் இரவில் அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் ஃபோன் தானாகவே பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகக் கொடுக்கிறது. நீங்கள் அனுப்பிய படங்கள் எல்லாமே அந்த அளவில்தான் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பற்றாக்குறையை ஃபோன் செய்தவர்கள் நேரத்தால் ஈடுகட்டினார்கள். நீங்கள் ஒருமுறை அழுத்தும்போது ஃபோன் ஒரு படம் எடுப்பதில்லை. ஏழெட்டுப் படங்களை, இருட்டானால் இன்னும் அதிகமாக, அடுத்தடுத்து எடுக்கிறது. கை அசைந்ததைச் சரிசெய்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சேர்க்கிறது. 2018-இல் கூகுள் தன் பிக்சல் ஃபோன்களில் ‘நைட் சைட்’ வசதியைக் கொண்டுவந்தபோது, ஸ்டாண்ட் இல்லாமல் கையில் பிடித்தபடியே தெருவிளக்கு வெளிச்சத்தில் படம் எடுக்க முடிந்ததைப் பார்த்து எங்கள் தொழிலில் இருந்த பலரும் அசந்துபோனோம். இன்று எல்லா நிறுவனங்களும் அந்த வழியில்தான் போகின்றன.

ஆனால் பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டுமென்றால், எதிரே இருப்பது அந்த நேரம் முழுக்க ஓரளவு அசையாமல் இருக்க வேண்டும். மை தீட்டுகிறவர் அசைவதில்லை. கோயில் கோபுரமும் ஏரிக்கரையும் அசைவதில்லை. திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, தோளில் கட்டும் புஜக்கீர்த்தியும் மார்புப் பதக்கமும் குலுங்கச் சுழலும் துரியோதனன் ஒரு கணம்கூட நிற்க மாட்டார். எட்டுப் படங்களில் எட்டு இடத்தில் இருப்பார். எந்த முகத்தை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று ஃபோன் திணறுகிறது. நீங்கள் பார்க்கும் கரைந்த முகமும் இரட்டை விளிம்பும் அந்தத் திணறல்தான். உங்கள் கை நடுங்கியதால் வந்தது அல்ல. பின்னால் நிற்பவர் தெளிவாக விழுந்திருப்பதே அதற்குச் சான்று.

ஆகவே யாராவது என்னிடம் ஃபோனா, கேமராவா என்று கேட்டால், என்ன எடுக்கப்போகிறீர்கள், அது உங்களுக்காகக் காத்திருக்குமா என்றுதான் முதலில் கேட்பேன். காத்திருக்கும் என்றால் இன்றைய நல்ல ஃபோன் போதும். குடும்பப் படம், பயணம், சாப்பாடு, கட்டடம், பகல் வெளிச்சத்தில் மனித முகம் எல்லாம் இதில் அடங்கிவிடும். உலகில் பெரும்பாலானோர் எடுப்பது இவைதான். ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கக் கணக்குப்படி 2010-இல் 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் கடைகளுக்குப் போயின. 2023-இல் அது 80 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. சட்டைப்பை அளவுச் சிறிய கேமரா அநேகமாக மறைந்தேபோனது. உங்கள் தம்பி அந்தப் பெரும்பான்மையின் தேவையிலிருந்து பேசுகிறார். அவர்களுக்கு அவர் சொல்வது முழுக்கச் சரி.

ஸ்டுடியோக்காரர் சொல்வதை நான் ஏற்கவில்லை. 2012-இல் அமெரிக்காவைச் சாண்டி புயல் தாக்கியபோது ‘டைம்’ பத்திரிகை தன் அட்டையில் போட்டது பென் லோவி ஐஃபோனில் எடுத்த அலையின் படத்தை. அன்றைய ஐஃபோன் இன்று உங்கள் கையில் இருப்பதன் பக்கத்தில்கூட வராது. அதே சமயம் அடுத்த ஆண்டே ‘சிகாகோ சன்-டைம்ஸ்’ நாளிதழ் தன் முழுநேரப் படக்கலைஞர்கள் 28 பேரையும் ஒரே நாளில் வேலையிலிருந்து நீக்கிவிட்டு, செய்தியாளர்களுக்கு ஐஃபோனில் படம் எடுக்கப் பயிற்சி கொடுத்தது. நீக்கப்பட்டவர்களில் புலிட்சர் பரிசு பெற்ற ஜான் எச். ஒயிட்டும் ஒருவர். எங்கள் தொழிலில் இது ஆறாத காயம். கருவி மாறியதைவிட, பார்க்கத் தெரிந்த ஆட்களை அனுப்பிவிட்டால் கருவி அந்த வேலையைச் செய்துவிடும் என்று நினைத்ததுதான் அங்கே நடந்த கேடு. உங்கள் விஷயத்தில் பார்க்கத் தெரிந்த ஆள் நீங்கள். பிள்ளைப் பருவத்திலிருந்து கூத்தின் அருகே வளர்ந்தவர். எந்த அடவுக்குப் பிறகு ஆட்டக்காரர் ஒரு நொடி நிமிர்ந்து நிற்பார் என்று உங்களுக்குத் தெரியும். என்னைப்போல் வெளியூரிலிருந்து பெரிய கேமராவோடு வருகிறவருக்கு அது தெரியாது.

இனி, ஃபோனால் கூத்தில் முடியாத இன்னொன்று. அர்ஜுனன் தபசு. அர்ஜுனன் வேஷக்காரர் தபசு மரம் என்னும் உயர்ந்த கம்பத்தின் உச்சியிலிருந்து பாட்டுப் பாடி, பூவும் எலுமிச்சையும் வீசும் அந்தக் காட்சி இல்லாமல் பாரதக் கூத்துப் புத்தகம் நிறைவடையாது. கீழே கூட்டத்தில் நிற்கும் உங்களுக்கும் மேலே இருப்பவருக்கும் 20 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எழுதியிருக்கும் மாடலில் தனி ஜூம் லென்ஸ் இல்லை. அதன் முக்கிய லென்ஸ் அந்தத் தொலைவில் சுமார் 30 மீட்டர் அகலத்தை ஒரே படத்துக்குள் அடக்கும். முகமும் தலை அலங்காரமுமாக இரண்டடி உயரம் என்றால், உங்கள் 12.5 மெகாபிக்சல் படத்தில் அதற்குக் கிடைப்பது 80 புள்ளி. கண் எது, மூக்கு எது என்று தெரியாது. டிஎஸ்எல்ஆரில் 250 எம்எம் லென்ஸைப் போட்டு அதே இடத்தில் நின்றால் படத்தின் அகலம் இரண்டு மீட்டருக்கும் குறைவு. அந்த முகத்துக்கும் தலை அலங்காரத்துக்கும் 2,000 புள்ளிகள் கிடைக்கும். திரையில் விரலால் விரித்துப் பெரிதாக்குவதால் புதிதாக எதுவும் வந்துவிடாது.

வந்துவிடாது என்று சொன்னேன். சில ஃபோன்கள் வரவழைக்கின்றன, அதுதான் எனக்குக் கவலை. 2023 மார்ச்சில் ஒருவர் நிலாவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்து, அதைச் சாம்சங்கின் உயர்ரக ஃபோனால் எடுத்துக் காட்டினார். மங்கலான படத்தில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் ஃபோன் எடுத்த படத்தில் தெளிவாக இருந்தன. நிலாவை அடையாளம் கண்டு செயற்கை நுண்ணறிவால் விவரங்களைக் கூட்டுவதாக அந்த நிறுவனமே விளக்கம் கொடுத்தது. நிலாவில் இது நடந்தால் யாருக்கும் நட்டமில்லை. உங்கள் கதை வேறு. உங்கள் படங்கள் நாளைக்கு ஆவணமாகப் போகின்றன. எந்த வேஷத்துக்கு என்ன நிறம், நெற்றியில் என்ன கோடு, கன்னத்தில் எத்தனை புள்ளி என்று பின்னால் வரும் ஒரு மாணவர் உங்கள் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். அந்தக் கன்னப்புள்ளிகளை முகப்பருவாக நினைத்து ஃபோன் வழித்துவிடக்கூடும். நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தை மறுபடி பாருங்கள். சிவப்பு அரிதாரம் பூசிய முகத்தில் தூரிகை ஓடிய தடமே இல்லை, பிளாஸ்டிக் பொம்மைபோல் வழவழவென்றிருக்கிறது. அரிதாரம் அப்படி இருக்காது. உங்கள் தாத்தாவின் முகத்தில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

போர்ட்ரெயிட் மோடும் அப்படித்தான். பின்னணியை மங்கலாக்க, ஆள் எங்கே முடிகிறார், பின்னணி எங்கே தொடங்குகிறது என்று ஃபோன் ஊகிக்கிறது. தலைமுடியும் தோளும் மட்டும் என்றால் சமாளித்துவிடும். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லுகள் ஒட்டிய கிரீடத்தின் ஓரத்தையும் புஜக்கீர்த்தியின் நுனியையும் அது பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிடுகிறது. கேமராவில் 50 எம்எம் லென்ஸை எஃப் 2-க்குத் திறந்து வைத்தால் பின்னணி மங்குவது ஒளியின் இயல்பால். அங்கே ஊகத்துக்கு இடமில்லை.

சரி, எதை வாங்குவது? உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகையான மிரர்லெஸ் கேமராவைப் புதிதாக வாங்கினால் உங்கள் பணம் கூடவே வரும் கிட் லென்ஸோடு நின்றுவிடும். கிட் லென்ஸின் திறப்பு சிறியது, இரவுக் கூத்துக்கு உதவாது. முன்பு பயன்படுத்திய டிஎஸ்எல்ஆர் வாங்குங்கள். எல்லாரும் மிரர்லெஸுக்கு மாறுவதால் அவற்றின் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. என் தேர்வு கேனான் 80டி. 2016-இல் வந்தது, 24 மெகாபிக்சல். அதற்குப் போட்டியான நிகான் டி7200-இல் இருட்டுப் பகுதிகளின் விவரம் கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கும். இருந்தும் உங்களுக்கு 80டியைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மேடையில் கட்டும் டியூப்லைட்டுகளும் மலிவான எல்ஈடி ஃபோகஸ் விளக்குகளும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, சென்சாருக்கு ஒளியைத் திறந்து மூடும் ஷட்டர் வேகமாக ஓடினால் தெரியும். ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும் வரும், சில படங்களில் குறுக்கே பட்டை விழும். ஃபோனிலும் இதே தொல்லைதான். 80டியில் ‘ஆன்டி ஃபிளிக்கர்’ என்றொரு வசதி இருக்கிறது. விளக்கின் துடிப்பைக் கவனித்து, வெளிச்சம் உச்சத்துக்கு வரும் கணத்தில் ஷட்டரைத் திறக்கும். டி7200-இல் படம் எடுக்கும்போது அந்த வசதி கிடையாது. திருமணம் எடுக்கிறவர் ஃபிளாஷ் அடித்துச் சமாளித்துக்கொள்வார். கூத்தில் ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. விடிய விடிய ஆடுகிற கலைஞரின் கண்ணில் அடிக்கும் வெளிச்சம் அடவைக் கலைத்துவிடும். மேடையின் நிறத்தையும் வெளுக்க வைத்துவிடும்.

லென்ஸ் இரண்டு போதும். கேனான் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் புதிதாகவே 10 ஆயிரத்தை ஒட்டிக் கிடைக்கும். இரவு ஆட்டத்துக்கு முழுக்க இதுதான். தபசு மரத்துக்கு 55-250 எம்எம் எஸ்டிஎம் ஜூம் லென்ஸ் பழையது ஒன்று. விலை கடைக்குக் கடை மாறினாலும் மூன்றும் சேர்த்து உங்கள் 60 ஆயிரத்துக்குள் அடக்கிவிடலாம். கேமராவில் ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். 80டிக்கு நிறுவனம் சொல்லும் ஆயுள் ஒரு லட்சம். 40 ஆயிரத்துக்குள் ஓடியதாக இருந்தால் நல்லது. லென்ஸை வாங்குமுன் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நூல்நூலாக, சிலந்திவலைபோல ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். வாங்கிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். கேமராப் பைக்குள்ளேயே மாதக்கணக்கில் வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சை வந்துவிடும்.

அமைப்பு: எம் மோடு (எல்லாவற்றையும் நாமே அமைப்பது), எஃப் 2, ஷட்டர் 1/250 நொடி, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வின் அளவு) 3200, ஆன்டி ஃபிளிக்கர் ஆன். இதிலிருந்து தொடங்குங்கள். வெளிச்சம் போதவில்லை என்றால் ஐ.எஸ்.ஓ.வை 6400 வரை ஏற்றலாம். கொஞ்சம் மணல்மணலாகத் தெரியும். அதற்கு அஞ்ச வேண்டாம், அச்சில் அது உறுத்தாது. அசைந்த முகத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. கேமரா திருத்தாமல் அப்படியே தரும் ‘ரா’ கோப்பாகவே எடுங்கள். பச்சை அரிதாரமும் மஞ்சள் விளக்கும் கலக்கும் இடத்தில் நிறத்தைப் பிறகு நிதானமாகச் சரிசெய்யலாம்.

அச்சு பற்றி: கண்காட்சிக்கு 20-க்கு 30 அங்குலம் என்று எழுதியிருந்தீர்கள். அங்குலத்துக்கு 200 புள்ளி வீதம் அதற்கு 4,000-க்கு 6,000 புள்ளி வேண்டும். 24 மெகாபிக்சல் கேமரா தருவது சரியாக அதுதான். உங்கள் ஃபோன் படத்தில் அங்குலத்துக்கு 135 புள்ளி அளவே தேறும். ஒப்பனைப் படங்களுக்கு அதுவே போதும், மூன்று நான்கு அடி தள்ளி நின்றுதான் பார்ப்பார்கள். புத்தகத்தில் இரண்டும் சேர்ந்து வந்தால் எது எதில் எடுத்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

வேஷம் கட்டும் இடத்துக்குக் கேமராவைக் கொண்டுபோகாதீர்கள், குறைந்தது முதல் சில இரவுகளுக்காவது. அங்கே உங்கள் படங்கள் நன்றாக வந்ததற்கு ஃபோனும் ஒரு காரணம். வீட்டுப் பெண் ஃபோனோடு ஓரமாக உட்கார்ந்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை. பெரிய லென்ஸைப் பார்த்ததும் மனிதர்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள், முகம் இறுகிவிடும். எனக்கு எந்த ஊரிலும் இதுதான் நடக்கிறது. ஃபோனில் பியூட்டி வசதியை முழுக்க அணைத்துவிடுங்கள். ஜூம் செய்யாமல் ஓரடி முன்னே நகருங்கள். முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டி, சற்றுக் கீழே இழுங்கள். கண்ணாடிச் சில்லுகள் வெளுத்துப்போகாது. ஒவ்வொரு முறையும் லென்ஸைத் துணியால் துடையுங்கள். அரிதாரப் பொடியும் எண்ணெயும் பறக்கும் இடம் அது.

இன்னொன்று. கூத்து பார்ப்பதற்கு மட்டுமல்ல, கேட்பதற்கும். திரைக்குப் பின்னிருந்து பாடும் திரை விருத்தமும், முகவீணை என்னும் ஊதுகருவியின் இசையும் படத்தில் வராது. மேடைக்கு முன்னால் கேமராவோடு நீங்கள் இருக்கும்போது ஃபோனைச் சும்மா பையில் போடாமல், ஒரு சிறிய ஸ்டாண்டில் வைத்து வீடியோ ஓடவிடுங்கள். நொடிக்கு 25 அல்லது 50 ஃபிரேம் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். 30-இல் வைத்தால் நம் ஊர் விளக்கில் திரை துடிக்கும். ஏரோபிளேன் மோடில் போட மறக்க வேண்டாம், நடுவில் அழைப்பு வந்தால் பதிவு அறுந்துவிடும். யார் எந்த வேஷம், எந்தக் குழு, எந்த ஊர், எந்த நாள் என்று மறுநாளே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். பெயர் இல்லாத படம் ஆவணத்துக்கு உதவாது. கோப்புகளை இரண்டு ஹார்டு டிஸ்க்கில், ஒன்று உங்கள் வீட்டிலும் ஒன்று தம்பி வீட்டிலுமாக வையுங்கள். கலைஞர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் தரம் குறையாது. புத்தகத்தில் போடப்போகிறீர்கள் என்பதை முன்னதாகவே அவர்களிடம் சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

கேமரா கைக்கு வந்ததும் நேரே கூத்துக்கு எடுத்துப்போக வேண்டாம். சாயங்காலம் பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் கபடி ஆடும்போது, இருட்டத் தொடங்கும் அந்த அரைமணி நேரத்தில் 50 எம்எம் போட்டு எடுத்துப் பாருங்கள். பாடிப்போகிற பிள்ளையின் கண்ணில் ஃபோகஸ் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். எஃப் 2-இல் மூக்கு தெளிவாகவும் கண் மங்கலாகவும் விழுவது தொடக்கத்தில் எல்லாருக்கும் நடக்கும். ஃபோகஸை, நகரும் ஆளைத் தொடரும் ‘ஏஐ சர்வோ’வுக்கு மாற்றி, வியூஃபைண்டர் வழியாக நடுப்புள்ளியை முகத்தின் மேலேயே பிடித்துக்கொண்டு பழகுங்கள். பத்தில் நான்கைந்து படங்களில் கண் தெளிவாக விழத் தொடங்கியதும் கூத்துக்குக் கிளம்பலாம்.